உதவி எண் எடுக்கவில்லையா? ஆளைத் திட்டும் முன் மென்பொருளின் லாகைக் (பதிவேட்டைக்) கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாசகர் பக்கத்தில் உதவி எண்களைத் திட்டி வருகிற கடிதங்களை விடாமல் படிக்கிறவன் நான். மின்தடை என்று கூப்பிட்டால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, சிலிண்டருக்குக் கூப்பிட்டால் பாதியில் கட்டாகிறது, வங்கிக்குக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றவிட்டுக் கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. எல்லாம் உண்மைதான், நானும் பட்டிருக்கிறேன். ஆனால் எந்தக் கடிதத்தைப் படித்தாலும் பழி ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் வேலை செய்வதில்லை, அரட்டை அடிக்கிறார்கள், வேண்டுமென்றே கட் பண்ணுகிறார்கள் என்று. இதைப் பற்றி உள்ளே இருந்து பார்த்தவன் நாலு வார்த்தை எழுதலாமே என்று தோன்றியது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். போன் எடுக்கிற வேலை இல்லை. வேறு வேறு ஊர்களில், நாடுகளில் இருக்கிற கால் சென்டர்களின் மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று இங்கே உட்கார்ந்தபடியே திரையில் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. ஏதாவது சிவப்பானால் டிக்கெட் (கோளாறுப் பதிவு) போட்டு, அந்த ஊர் ஆளை எழுப்பி, அவர் வருவதற்குள் நம்மால் முடிந்ததை இங்கிருந்தே செய்ய வேண்டும். எங்கள் அறையை 'நாக்' (NOC, அதாவது நெட்வொர்க் கண்காணிப்பு அறை) என்று சொல்வோம். அங்கே இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான்: கால் சென்டரில் மனிதர்களை நொடிக்கு நொடி கண்காணிக்கிறார்கள், அந்த மனிதர்களின் கையில் கொடுத்திருக்கிற மென்பொருளை அதில் பாதி அக்கறையோடுகூடக் கண்காணிப்பதில்லை.

போன் எடுக்கிற பெண்ணோ பையனோ காலையில் லாகின் செய்த நொடியிலிருந்து எல்லாம் பதிவு. எத்தனை நொடி பேசினார், எத்தனை நொடி ஹோல்டில் போட்டார், போனை வைத்த பிறகு விவரம் டைப் அடிக்க எத்தனை நொடி எடுத்தார், டீ பிரேக் என்று பட்டனை அழுத்திவிட்டு எப்போது திரும்பி வந்தார், பாத்ரூம் போனது உட்பட. ஹாலில் சுவர் முழுக்க ஒரு பெரிய திரை இருக்கும், வரிசையில் காத்திருப்பவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலே அது மஞ்சளாகி சிவப்பாகும், டீம் லீடர் எழுந்து நின்று யார் ஆக்ஸில் (அழைப்பு எடுக்காத இடைவேளை நிலையில்) இருக்கிறது என்று கத்துவார். மாதக் கடைசியில் இந்த நொடிக் கணக்கை வைத்துத்தான் இன்சென்டிவ். சரி, வேலை என்றால் கணக்கு இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

இயந்திரத்துக்கும் அதே மாதிரி கணக்கு இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1999-ல் ஆரம்பித்த ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் சின்ன, நடுத்தர கால் சென்டர்கள் நிறைய இதன்மேல் கட்டியவைதான், வெளியே வேறு பெயர் ஒட்டியிருக்கும். அதில் வரிசைக்கென்று தனியாக ஒரு லாக் கோப்பு உண்டு. நீங்கள் கூப்பிட்டு வரிசையில் சேர்ந்த நொடியில் ஒரு வரி விழும். ஆள் எடுத்தால் எத்தனை நொடி காத்திருந்தீர்கள் என்று ஒரு வரி. வெறுத்துப்போய் வைத்துவிட்டால், எத்தனையாவது ஆளாக வரிசையில் சேர்ந்தீர்கள், வைக்கும்போது எத்தனையாவது இடத்துக்கு வந்திருந்தீர்கள், மொத்தம் எத்தனை நொடி நின்றீர்கள் என்று ஒரு வரி. ஏஜென்டுக்கு, அதாவது போன் எடுக்கிறவருக்கு, மணி அடித்து அவர் எடுக்காவிட்டால் அதற்கும் ஒரு வரி. அவ்வளவு விவரமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் கிடக்கிறது. அதைத் திறந்து யாராவது படிக்கிறார்களா என்றால், சண்டை வந்தால்தான் படிப்பார்கள்.

படித்தாலும் தப்பாகப் படிக்கிற ஆபத்து ஒன்று உண்டு. கடைசியாகச் சொன்னேனே, மணி அடித்தும் எடுக்கவில்லை என்கிற வரி, அது இருந்தாலே ஏஜென்ட் மேல் தப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் கணினியில் போன் மென்பொருள் உறைந்துபோய், மணியும் கேட்காமல் திரையும் மாறாமல் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் கணினியின் லாக், நெட்வொர்க் சுவிட்சின் லாக், சர்வரின் லாக் மூன்றையும் அதே நொடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றின் கடிகாரமும் ஒன்றாக இருந்தால்தானே அது நடக்கும்! நான் பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) சர்வர் கடிகாரமும் ரெக்கார்டிங் கருவியின் கடிகாரமும் நாலு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்தன, அதை வைத்து ஒரு பெண்ணுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள்.

இனி அலாரம் பக்கம் வருகிறேன். கருவிகள் அனுப்புகிற எச்சரிக்கைச் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் அமைப்பே படுத்துவிட்டது என்று அர்த்தம், 7 என்றால் புரோகிராமர் மட்டும் பார்க்க வேண்டிய சில்லறை விவரம். எந்தச் செய்திக்கு எந்தப் படி என்பதை முடிவு செய்வது அந்த மென்பொருளை எழுதிய ஆள், பல வருடத்துக்கு முன்னால், வேறொரு நாட்டில் உட்கார்ந்து. ஒரு ராத்திரியில் ஆயிரக்கணக்கில் செய்திகள் கொட்டும். வட்டு எழுபது சதவீதம் நிரம்பியது, எண்பது நிரம்பியது, லைன் ஒரு நொடி போய்த் திரும்பி வந்தது, திரும்பவும் போய் வந்தது. தெருவில் எல்லா நாயும் விடிய விடியக் குரைத்தால் எதற்காக யார் எழுந்து பார்ப்பார்கள்? கொஞ்ச நாளில் யாராவது மெயிலில் ஒரு ரூல் போட்டு, இந்த மாதிரி செய்திகளெல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிடுவார்கள். அந்த ஃபோல்டரில் படிக்காத மெயில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். எனக்குத் தெரிந்து எல்லா நாக் அறையிலும் இப்படி ஒரு ஃபோல்டர் உண்டு.

இது ஏதோ நம் ஊர் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2014 ஏப்ரல் 9-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால் 911 அவசர அழைப்பு பல இடங்களில் செத்துப்போனது. கொலராடோவில் எங்கிள்வுட் என்ற ஊரில் இன்ட்ராடோ என்ற நிறுவனத்தின் மையம், பல மாநிலங்களின் 911 அழைப்புகளைப் பிரித்து அனுப்புவது அங்கிருந்துதான். வருகிற ஒவ்வோர் அழைப்புக்கும் மென்பொருள் ஓர் அடையாள எண் கொடுக்கும். அந்த எண்ணுக்கு உச்ச வரம்பு 4 கோடி என்று எவரோ என்றோ எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது 4 கோடியைத் தொட்டது, அதன் பிறகு எண் கொடுக்க முடியவில்லை, எண் இல்லாத அழைப்பு நகரவில்லை. அவ்வளவுதான் கோளாறு. 7 மாநிலங்களில் 81 அவசர அழைப்பு மையங்கள், 1 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், கிட்டத்தட்ட 6 மணி நேரம், 6,600-க்கு மேல் அழைப்புகள் போய்ச் சேரவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்ற ஊரில் ஒரு பெண், வீட்டுக்குள் ஒருவன் புகுந்துகொண்டிருக்கும்போது 37 தடவை கூப்பிட்டிருக்கிறார்.

அங்கே அலாரம் அடிக்காமல் இல்லை. மென்பொருள் எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் அதைக் கீழ்ப்படி எச்சரிக்கை என்று வகைப்படுத்தி வைத்திருந்ததால் மணிக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. மயாமியில் இன்னொரு மையம் நல்ல நிலையில் சும்மா இருந்தது, அழைப்புகள் தானாக அங்கே திரும்பவில்லை, காரணம் புரிந்த பிறகு ஆட்கள்தான் திருப்பிவிட வேண்டியிருந்தது. அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரித்து அதே வருடம் அக்டோபரில் அறிக்கையே வெளியிட்டது, அடுத்த வருடம் செஞ்சுரிலிங்க் என்ற தொலைபேசி நிறுவனம் 1 கோடியே 60 லட்சம் டாலரும் இன்ட்ராடோ 14 லட்சம் டாலரும் கட்டின. அறிக்கை வெளியே வந்ததால்தான் 4 கோடி வரம்பும் கீழ்ப்படி அலாரமும் எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் நம் விஷயத்துக்கு நெருக்கம். 2023 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே 999-க்குக் கூப்பிட்டால் முதலில் எடுப்பது பி.டி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆட்கள், பிறகுதான் போலீஸ், ஆம்புலன்ஸ் என்று மாற்றிவிடுவார்கள். காலை 6:24-க்கு ஆரம்பித்தது. சர்வரில் ஒரு கோப்பில் பிழை. விளைவு என்ன தெரியுமா? அழைப்பு வந்து விழுந்த உடனே ஏஜென்டின் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ஏஜென்ட் லாக்அவுட் ஆகிவிடுகிறார், மாற்றிவிட்ட அழைப்பு நடுவழியில் அறுந்துபோகிறது. வெளியே இருந்து கூப்பிட்டவருக்கு என்ன தோன்றியிருக்கும்? எடுத்தான், கட் பண்ணிட்டான் என்றுதானே. உள்ளே இருந்த ஏஜென்டோ திரை திரும்ப உயிர்பெறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காரணம் பிடிபடவில்லை, சரி மாற்று அமைப்புக்குப் போய்விடலாம் என்று முயன்றார்கள், அதற்கான செய்முறைக் குறிப்பு ஒழுங்காக எழுதப்படவில்லை, செய்தவர்களுக்கும் பழக்கமில்லை, முதல் முயற்சி தோற்று, அதுவரை பாதி ஓடிக்கொண்டிருந்த சேவை முழுசாகவே நின்றது. எல்லாம் சரியாகும்போது மாலை 4:56. 14,000-க்குச் சற்றுக் குறைவான அழைப்புகள் இணையவில்லை. ஆஃப்காம் என்ற அவர்களுடைய கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜூலையில் 1 கோடியே 75 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அது சொன்ன குற்றங்களில் முக்கியமானது: இப்படி ஒன்று நடந்தால் எச்சரிக்கிற ஏற்பாடு போதுமானதாக இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2025 செப்டம்பர் 18 அன்று ஆப்டஸ் என்ற தொலைபேசி நிறுவனம் ஒரு ஃபயர்வால் (நெட்வொர்க் பாதுகாப்பு அரண்) அப்கிரேடு செய்தபோது, சுமார் 13 மணி நேரம் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பலரால் 000 அவசர எண்ணைப் பிடிக்க முடியவில்லை, உயிர்கள் போயின. சாதாரண அழைப்புகளெல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்ததால் அலாரமே அடிக்கவில்லை. மொத்தத்தைப் பார்த்தால் எல்லாம் பச்சை. ஆனால் வாடிக்கையாளர்கள் சிலர் அந்த நிறுவனத்தின் கால் சென்டருக்கே கூப்பிட்டு, 000 போகவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தகவல் மேலே போகவில்லை.

இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். இயந்திரம் சொல்லாததை முதலில் கேள்விப்படுகிறவர் அந்த நாற்காலியில் இருக்கிற ஏஜென்ட். "மேடம், காலையிலிருந்து நாலு தடவை கட்டாச்சு" என்று திட்டு வாங்குகிறவர் அவர். நாலு பேர் ஒரே மாதிரி திட்டினால் அமைப்பில் ஏதோ ஓட்டை என்று அவருக்குப் புரிந்துவிடும். அதை அவர் யாரிடம் சொல்வது? அவர் திரையில் புகார் வகை என்று ஒரு பட்டியல் இருக்கும், பில், இணைப்பு, முகவரி மாற்றம் என்று. 'எங்கள் போனே சரியில்லை' என்பதற்கு அதில் இடமே இருக்காது. டீம் லீடரிடம் எழுந்து போய்ச் சொல்லலாம் என்றால் எழுந்து போனதற்கு நொடிக் கணக்கு ஓடும். பெரும்பாலும் 'இதர' என்று போட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார். அப்புறம் அந்த 'இதர'வை யார் தோண்டப் போகிறார்கள்.

இன்னொரு ஓட்டை, இதுதான் நம் ஊரில் அதிகம் என்று நினைக்கிறேன், கால் சென்டரின் லாகிலேயே வராத அழைப்பு. பழைய மாதிரி பி.ஆர்.ஐ. லைன் ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர்தான் பேச முடியும். பாட்டு கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறவரும் அந்த 30-ல் ஒருவர். மழை நாள் ராத்திரி மின்சாரம் போகிறது, ஏரியா முழுக்கக் கூப்பிடுகிறது, 30-ம் நிரம்பிவிட்டது. 31-வது ஆளுக்கு பிஸி டோன். அவருடைய அழைப்பு கால் சென்டரின் மென்பொருளைத் தொடவே இல்லை, அதனால் அவர் கூப்பிட்டதற்கு அங்கே ஒரு வரிகூட இருக்காது. தொலைபேசி நிறுவனத்தின் சுவிட்சுக்கு மட்டும் தெரியும். மாதக் கடைசியில் மென்பொருள் அழகாக ஓர் அறிக்கை கொடுக்கும், வந்த அழைப்புகளில் 98 சதவீதம் எடுக்கப்பட்டது என்று. பொய் இல்லை, வந்தவற்றில் 98 சதவீதம்தான். வராமலே திரும்பியவை எத்தனை? லைன் வாங்கிய இடத்தில் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும், கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்போது சிப் டிரங்க் என்ற இணையவழி லைனுக்கு மாறிவிட்டார்கள், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பார்கள், ஆனால் அங்கேயும் ஒரே நேரத்தில் இத்தனை அழைப்பு என்று காசு கட்டி வாங்குகிற வரம்பு உண்டு. தொலைபேசி நிறுவனங்களின் கால் சென்டர்களுக்கு நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வைத்திருக்கிற விதியில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறார்கள்: அழைப்பு கால் சென்டரைப் போய்ச் சேர்ந்ததா என்பது ஒன்று, 90 நொடிக்குள் ஆள் எடுத்தாரா என்பது வேறு, இரண்டுக்கும் 95 சதவீதம். எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பொதுமக்களுக்கான எல்லா உதவி எண்ணுக்கும் இதே மாதிரி கேட்டால் என்ன?

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியே ஒரு சிம் கார்டு போட்ட கருவியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த உதவி எண்ணுக்கே தானாகக் கூப்பிட்டு, மணி அடிக்கிறதா, குரல் கேட்கிறதா, ஒன்றை அழுத்தினால் ஒன்றுக்குப் போகிறதா என்று பார்க்க வைக்கலாம், கல்லூரிப் பையன்கள் ப்ராஜெக்ட்டாகச் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு நெட்வொர்க்கிலிருந்தும் ஒரு சிம் போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரு நெட்வொர்க்கிலிருந்து மட்டும் போகாத கோளாறு அடிக்கடி நடப்பது. அப்புறம் அமைதிக்கும் அலாரம் வேண்டும். பகல் பதினோரு மணிக்கு வழக்கமாக நிமிடத்துக்கு இருபது அழைப்பு வருகிற எண்ணில் பத்து நிமிடமாக ஒன்றுமே வரவில்லை என்றால், மக்களுக்குத் திடீரென்று குறை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலான அமைப்புகள் அதிகமானால்தான் கத்தும், குறைந்தால் கத்தாது, ஏனென்றால் சுவர்த் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், எல்லாருக்கும் சந்தோஷமாகவும் இருக்கும். மூன்றாவதாக, ஏஜென்டின் திரையில் ஒரு பட்டன். 'அழைப்பவர் லைன் கோளாறு சொல்கிறார்' என்று. பத்து நிமிடத்தில் ஐந்து பேர் அழுத்தினால் நாக் அறையில் இருக்கிறவன் மேஜையில் மணி அடிக்கட்டும்.

லாகை வைத்திருக்க இடம் இல்லை, காலம் இல்லை என்ற சாக்கும் இனி செல்லாது. சைபர் பாதுகாப்பைப் பார்க்கிற செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும், எல்லா அமைப்பின் கடிகாரத்தையும் என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தியிருக்க வேண்டும். நான் மேலே சொன்ன நாலு நிமிட வித்தியாசத்துக்கு மருந்து அந்த உத்தரவிலேயே இருக்கிறது. ஹேக்கர்களைப் பிடிக்க என்று எழுதிய உத்தரவுதான், இருந்தாலும் அதே கோப்புதானே. ஆறு மாதத்துக்கு எல்லாம் உட்கார்ந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். மக்கள் பணத்தில் ஓடுகிற உதவி எண் எதுவானாலும், அந்த மென்பொருளின் கோளாறுப் பட்டியலை மாதம் ஒரு தடவை வெளியிட வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை அழைப்பு போய்ச் சேரவில்லை, காரணம் என்ன. டெண்டரிலேயே இதை ஒரு நிபந்தனையாகப் போட்டுவிட்டால் ஒப்பந்தக்காரர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்போது டெண்டரில் ஏஜென்ட் எத்தனை பேர், எத்தனை நொடியில் எடுக்க வேண்டும், தவறினால் எவ்வளவு பிடித்தம் என்று பக்கம் பக்கமாக இருக்கும், மென்பொருள் படுத்தால் யார் எப்போது யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது இரண்டு வரியில் முடிந்திருக்கும். அழைத்தவர்களின் எண் வெளியே போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். யாருடைய எண்ணும் வேண்டாம், நேரமும் எண்ணிக்கையும் காரணமும் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் மனு போடும் முன்னே தானாக வெளியிடு என்றுதானே 2005-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் உதவி எண்ணைப் பற்றி எழுதும்போது, எடுக்கவில்லை என்று மட்டும் எழுதாமல், எந்த நாள், எத்தனை மணி எத்தனை நிமிடம், எந்த நெட்வொர்க், காதில் என்ன கேட்டது என்று எழுதச் சொல்லுங்கள். கூப்பிட்ட உடனே பிஸி டோன் என்றால் லைன் போதவில்லை. பாட்டு ஓடி, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டானால், இத்தனை நிமிடத்துக்கு மேல் யாரையும் நிறுத்தி வைக்காதே என்று வரிசையில் வரம்பு போட்டிருக்கிறார்கள், அதை உட்கார்ந்து போட்டவர் ஒருவர் இருக்கிறார், அது ஏஜென்ட் இல்லை. எடுத்த மாதிரி இருந்து ஒரு சத்தமும் இல்லையென்றால் குரல் ஒரு பக்கம் மட்டும் போகிறது, அந்தப் பக்கம் ஒருவர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார். ஓர் எண்ணை அழுத்தி ஆரம்பத்துக்கே திரும்பி வந்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற வரிசையில் அந்த நேரத்தில் யாருமே லாகின் செய்யாமல் இருந்திருக்கலாம், அல்லது மெனுவை மாற்றியவர் இணைக்க மறந்திருக்கலாம். நேரம் நிமிடக் கணக்கில் இருந்தால் போதும், மீதியை அவர்களுடைய லாகிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி நாம் கேட்கலாம், 180 நாள் முடிவதற்குள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் பார்த்த ஒரு வாசகர்,
சோழிங்கநல்லூர், சென்னை.